கூட வந்தவன்

பங்காருவுக்கு அம்மாவின் முகம் நினைவில் இல்லை. தம்பி பச்சையப்பனின் கனம்தான் நினைவில் இருந்தது. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கரும்புக்குக் களை வெட்டப் போன அப்பா, அவர்கள் வாயில் நைனா, வீடு திரும்பும்வரை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் அவள் தண்ணீர் சேந்துவாள், உலை வைப்பாள், ஊர்ப் பிள்ளைகளோடு சண்டையும் போடுவாள். அம்மாவைக் கேட்டு அழவேண்டிய வயதில் அவன் அக்காவைக் கேட்டு அழுதான்.

அவளைத் திருத்தணியில் பரந்தாமனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நைனாவும் போய்ச் சேர்ந்துவிட, பச்சையப்பன் ஒரு துணிப்பையோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான். "பொண்ணு எடுத்தா தம்பி இனாம்னு யாரும் சொல்லலியே" என்று மாமியார் பூவம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாளே தவிர, அவனுக்குச் சோற்றில் குறை வைத்ததில்லை. பரந்தாமனுக்கு அரக்கோணத்தில் ஒரு இரும்புக் கடையில் லோடுமேன் வேலை. மச்சானையும் அங்கேயே சேர்த்துவிட்டான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவார்கள், ஒரே வண்டியில் வருவார்கள். பச்சையப்பனுக்கு அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண் அனிதாவைப் பார்த்துக் கல்யாணம் செய்து, அடுத்த தெருவிலேயே குடி வைத்ததும் பரந்தாமன்தான். பச்சையப்பன் அவனை "பாவா" என்று கூப்பிடும்போது, அந்தச் சொல்லில் அண்ணன், அப்பன், சிநேகிதன் எல்லாம் சேர்ந்திருக்கும்.

பங்காரு மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினாள். திருத்தணியில் முகூர்த்த நாள் என்றால் தெருவுக்குத் தெரு மேளம் கேட்கும். அன்றும் ஒரு தை முகூர்த்தம். கடைசிப் பந்தியில் வீட்டு ஆட்களை உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லி சமையல் மேஸ்திரி சைகை காட்டினார். அரக்கோணத்துக்கு மதிய லோடு இறக்கப் போகிற வழியில் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பங்காருவே பரிமாறினாள். "போதும் பங்காரு, குனிஞ்சி மூட்ட தூக்கணும்" என்று பரந்தாமன் இலையை மறைத்தான். "பாவா இலைக்குப் போடாதது என் இலைக்கா?" என்று பச்சையப்பன் கேலி செய்தான். அவள் இரண்டு இலைக்கும் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

அரக்கோணம் சாலையில், வெட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு ஓரமாக நின்றிருந்த டிராக்டர் ஒன்று சைகை காட்டாமல் நடுச்சாலைக்குத் திரும்பியது. பரந்தாமன் பிரேக்கை அழுத்தினான். வண்டி கரும்புக் கட்டில் மோதித் திருகிக்கொண்டு நிற்க, ஹேண்டில்பார் முனை நேராக அவன் வயிற்றில் குத்தியது. பின்னால் இருந்த பச்சையப்பன் பறந்துபோய் மைல்கல் மேல் விழுந்தான். விழுந்த வேகத்திலேயே எழுந்தும்விட்டான். சட்டையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்து, பாவாவைத் தூக்கித் தோளில் சாய்த்து, வந்த ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றியவனும் அவன்தான். இரண்டு பேர் உடம்பிலும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

பங்காருவும் பூவம்மாளும் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, பரந்தாமன் முழங்காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். டியூட்டி டாக்டர் வயிற்றில் கை வைத்தார். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. தொட்டுவிட்டுக் கையை எடுக்கும்போதுதான் பரந்தாமன் அதிகமாகக் கத்தினான். நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர் அவனை அடுத்த கட்டடத்திலிருந்த சி.டி. ஸ்கேன் அறைக்குத் தள்ளிப் போகச் சொன்னார்.

ஸ்கேன் பார்க்கிற டாக்டர் பெயர் நிர்மலா. மெலிந்த உடம்பு, அவசரப்படாத பேச்சு. கை நரம்பில் மருந்து ஏற்றி, அந்தப் பெரிய வளையத்துக்குள் பரந்தாமனை அனுப்பி எடுத்த பிறகு, பங்காருவையும் பச்சையப்பனையும் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கூப்பிட்டார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு உடம்பு, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டியது போல நகர்ந்தது.

"இது ஈரல். இது முதுகெலும்பு. இங்க பாருங்க, ஈரலுக்கு முன்னாடி கறுப்பா ஒரு பட்டை தெரியுதா? அது காத்து. இரைப்பைக்குள்ள இருக்கவேண்டிய காத்து வெளிய வந்து நிக்குது. இந்த இடத்துல இரைப்பைச் சுவரு தொடர்ச்சி இல்லாம நிக்குது பாருங்க. கிழிஞ்சிருக்கு. சாப்பிட்டு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"இப்பதாங்க... கல்யாணச் சாப்பாடு" என்றான் பச்சையப்பன்.

"அதான். காலியா இருந்தா நசுங்கிட்டுப் போயிருக்கும். நெறஞ்சி இருந்ததால வெடிச்சிடுச்சி. சாப்பாடு இரைப்பைய விட்டு வெளிய வந்து வயித்துக்குள்ள பரவியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். இங்க ஆவாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். சீக்கிரமே கண்டுபுடிச்சிட்டோம், அதனால பயப்படாதீங்க."

பங்காருவுக்குப் பாயசக் கரண்டி கண்முன் வந்து நின்றது. வாசலில் நின்றிருந்த பூவம்மாள் காதில் ஒரு சொல்தான் விழுந்திருந்தது. "காத்தா? உச்சி வேளையில ரோட்டுல போவாதடான்னா கேட்டானா? முருகா, எம்புள்ளைய காத்து அடிச்சிடுச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நிர்மலா திரையிலிருந்து திரும்பியபோது அவர் பார்வை பச்சையப்பன் சட்டையில் நின்றது. இடதுபக்கம் முழுக்க மண்.

"நீயும் அந்த வண்டியிலதான் இருந்தியா?"

"ஆங். எனக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம்."

"எங்க விழுந்த?"

"கல்லு மேல. எழுந்துகினேன். நான்தான் பாவாவைத் தூக்கிகினு வந்தேன்."

"சரி, இப்படி வந்து படு. ஜெல்லு தடவி வயித்த ஒரு தடவை பாத்துடறேன். நிமிஷத்துல ஆயிடும்."

அவன் கூச்சத்தோடு சிரித்தான். சட்டையின் மேல் பட்டனை அவிழ்த்தான். இரண்டாவதையும் அவிழ்த்தான். அப்போதுதான் ஆம்புலன்ஸ்காரர் கதவைத் தள்ளி, "பேஷன்ட் கூட யாரு வரீங்க? கெளம்பணும்!" என்றார்.

பங்காரு வெளியே ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். பரந்தாமனின் முகம் மெழுகு போலிருந்தது. திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"பச்ச, நீயும் வாடா. எனக்கு பயமா இருக்குது."

அவன் பட்டனைப் போட்டுக்கொண்டான். "வந்து எடுத்துக்கறேன் மேடம்."

"அங்க போனதும் நீயும் காட்டணும். மறந்துடாத!" என்று நிர்மலா பின்னாலேயே வந்து சொன்னார். பூவம்மாளை வெளியிலேயே விட்டு ஆம்புலன்ஸ் கதவு மூடிக்கொண்டது.

வழியெல்லாம் பச்சையப்பன் பாவாவின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தான். நடுவில் போனை எடுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி யாருடனோ தணிந்த குரலில் பேசினான். பிறகு இடது தோள்பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுக்கொண்டான்.

"என்னடா?"

"தோளு புடிச்சிகிச்சிக்கா. பாவா என்னா சோளக்கதிரா, தூக்கறதுக்கு? ஒண்ணும் இல்ல."

பெரிய ஆஸ்பத்திரியில் பரந்தாமனை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அக்காவும் தம்பியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சையப்பன் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு மறுபடியும் கேட்டான். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பங்காரு முந்தானையால் துடைத்தாள். தோல் சில்லென்றிருந்தது.

"நீயும் காட்டுன்னு அந்த மேடம் சொன்னாங்களேடா. எழுந்து வா, கேக்கலாம்."

"பாவா வெளிய வரட்டும்க்கா. ஒரே தூக்கமா வருது."

அவன் அவள் மடியில் தலை வைத்தான். கல்யாணமானவன், ஊர் பார்க்க இப்படிப் படுக்கிறானே என்று அவளுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு அந்தத் தலையின் கனம் மாறியது. இடுப்பிலேயே வைத்து வளர்த்தவளுக்கு, தூங்குகிற தம்பியின் கனம் தெரியும். இது அது இல்லை. அவள் போட்ட கூச்சலில் நர்சுகள் ஓடி வந்தார்கள். உள்ளே தூக்கிக்கொண்டு போய் வயிற்றில் மெஷினை வைத்துப் பார்த்தார்கள். மண்ணீரல் கிழிந்து, வயிறு முழுக்க ரத்தம் நிறைந்திருந்தது. மத்தியானத்திலிருந்து சத்தமில்லாமல் உள்ளுக்குள்ளேயே வடிந்திருக்கிறது. ரத்தம் ஏற்றினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். தியேட்டர் கதவுவரைகூட அவன் போகவில்லை.

அதே கதவைத் திறந்துகொண்டு வந்த இன்னொரு டாக்டர், "பரந்தாமன் வீட்டுக்காரங்க யாரு? நல்லபடியா தைச்சிட்டோம். பொழைச்சிகிட்டார்" என்றார். பங்காரு அவரைப் பார்த்தபடி நின்றாள். கும்பிட வேண்டும் என்று தோன்றியது. கை எழும்பவில்லை.

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த அனிதா, தகவல் கேட்டு அம்மையார்குப்பத்திலிருந்து வந்தாள். அவள் அழவில்லை. காரியம் முடியும்வரை மூலையில் உட்கார்ந்திருந்தாள். பங்காரு கையைப் பிடிக்கப் போனபோது கையை மெல்ல உருவிக்கொண்டாள். காரியம் முடிந்ததும் அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

பரந்தாமன் வீட்டுக்கு வந்தான். நெஞ்சுக்குக் கீழே தொப்புளைத் தாண்டி நீண்ட தையல். கஞ்சியும் இட்லியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டான். மச்சான் போன செய்தியை அவனிடம் சில நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "என்னைய எதுக்குடி முதல்ல பாத்தாங்க?" என்று சுவரைக் கேட்டான்.

பங்காரு மண்டபத்து வேலைக்குத் திரும்பினாள். குழாய்த் தண்ணீர் அண்டாவில் விழும்போது "ஒண்ணும் இல்லக்கா" என்று கேட்கும். குழாயை மூடினால் நின்றுவிடும். திறந்தால் மறுபடியும் கேட்கும். கூட வேலை செய்கிறவர்களுக்கு ஏன் அவள் குழாயை மூடி மூடித் திறக்கிறாள் என்று புரியவில்லை. இன்னொன்றையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனின் வயிற்றுக்குள்ளே இருப்பதை அவள் திரையில் கண்ணால் பார்த்திருந்தாள். தம்பியின் வயிற்றை அப்படி யாரும் நேரத்தோடு பார்க்கவில்லை. அந்தப் பார்க்காத படம் அவளுக்குள் தானாக ஓட ஆரம்பித்தது. சாம்பல் நிறத்தில் அவன் உடம்பு நகரும். இடதுபக்க விலாவுக்குக் கீழே ஒரு நிழல் கசிந்து பரவும். ஒவ்வொரு முறையும், பரவுவதற்கு முன்னால் யாராவது வந்து நிறுத்திவிட மாட்டார்களா என்று காத்திருப்பாள். படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மாசி முடியும் சமயம். ஒரு சாயங்காலம் பரந்தாமனுக்கு விக்கல் வந்தது, நிற்கவில்லை. உடம்பு கதகதவென்றிருந்தது. மறுநாளும் பொழுது சாய்ந்ததும் குளிர் கண்டது. கட்டிலில் சாய்ந்திருந்தவன் கையை எடுத்து இடது தோள்பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டான்.

பங்காரு கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "என்னங்க பண்ணுது?"

"தோளு புடிச்சிகிச்சி. ஒண்ணும் இல்ல பங்காரு."

அதே இடம், அதே கட்டைவிரல், அதே சொல். ஆம்புலன்சில் தம்பி தோளைப் பிடித்துவிட்டது பரந்தாமனுக்குத் தெரியாது. மயக்கத்தில் கிடந்தவன். அந்த விஷயத்தை அவள் ஒரே ஒரு தடவை மாமியாரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அறைவாசலில் நின்று பார்த்த பூவம்மாளின் முகம் வெளுத்துப்போயிற்று. மருமகளைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவன்தான்டி. தோள்மேல வந்து உக்காந்துகினான். தனியா போவப் புடிக்காம எம்புள்ளைய கூட்டிகினு போவ வந்திருக்கான். வேப்பிலைக்காரர இட்டாந்து ஓட்டிடலாம். நாளைக்கே!"

பங்காரு இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. முதுகெல்லாம் சிலிர்த்து நின்றாள். ஆனால் அவளுக்கு வந்தது பயம் மட்டும் இல்லை.

"வந்திருந்தா இருந்துட்டுப் போவட்டும் அத்த. என் தம்பிய ஓட்ட உடமாட்டேன். ஆனா அவரை நான் இப்பவே மேடம்கிட்ட கூட்டிகினு போறேன்."

"பேய் புடிச்சவனுக்கு போட்டோ புடிக்கப் போறியா?"

"அவன் எதையோ சொல்றதுக்குத்தான் வந்துகினு இருக்கான். அன்னிக்கு எனக்குக் கேக்கல."

நிர்மலாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. காய்ச்சல், விக்கல், தோள் வலி என்று கேட்டவுடன் பேச்சை நிறுத்திவிட்டுப் பரந்தாமனைப் படுக்க வைத்தார். ஸ்கேன் முடிந்ததும் பங்காருவைத் திரைக்கு அழைத்தார்.

"தைச்ச எடம் நல்லா கூடியிருக்கு. ஆனா இங்க பாருங்க, நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசைக்குக் கீழ, இடதுபக்கம், சீழ் கட்டியிருக்கு. அன்னிக்கு சாப்பாடு பரவின எடம் இது. ஆபரேஷன்ல கழுவினாலும் சில பேருக்கு இப்படி மிச்சம் தங்கும். இன்னும் நாளு தள்ளியிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். ஸ்கேன்ல பாத்துகிட்டே ஊசி விட்டு ஒரு டியூப் வெச்சி வடிச்சிடலாம்."

"தோளு ஏன் மேடம் வலிக்குது?"

"அந்தத் தசைக்குப் போற நரம்பும் தோளுக்குப் போறதும் கழுத்துல ஒரே எடத்துலேருந்து வருது. கீழ உறுத்தினா, மேல வலிக்கிற மாதிரி மனசுக்குத் தெரியும்."

பங்காரு திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அங்க ரத்தம் நின்னாலும் அப்படித்தான் வலிக்குமா?"

நிர்மலா மவுஸை நகர்த்திப் படத்தை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டினார்.

"வலிக்கும்மா" என்றார்.

சீழ் வடிந்தது. காய்ச்சல் இறங்கியது. பரந்தாமன் எழுந்து நடமாடினான். ஆனால் பூவம்மாள் வாய் சும்மா இருக்குமா? செத்துப்போன மச்சான் தோளில் வந்து உட்கார்ந்து வியாதியைக் காட்டிக்கொடுத்தான் என்று கதை தெருவில் இறங்கி, பஸ் ஏறி, அம்மையார்குப்பம்வரை போய்விட்டது.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அனிதா வந்து வாசலில் நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். உள்ளே வா என்று சொல்வதற்குள் கேட்டுவிட்டாள்.

"அவரு இங்க வந்தாராமே, அண்ணி?"

பங்காரு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நான் அங்க தறிச் சத்தத்துல படுத்துகினு, சத்தம் நிக்கட்டும், ஏதாவது கேக்குதா பாக்கலாம்னு இருக்கேன். ஒரு நாளு கனவுலகூட வரல. இங்க மட்டும் எப்படி வந்தாரு? என்கிட்ட வர வழி தெரியாதா அவருக்கு?"

பங்காரு அவளை உட்கார வைத்தாள். பொய் சொல்லவும் மனம் வரவில்லை, முழுசாக உண்மை சொல்லவும் மனம் வரவில்லை. சீழ் கட்டியதையும், நரம்பு தோளுக்குப் போவதையும் நிர்மலா சொன்னபடியே சொன்னாள். அனிதா கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மெல்ல அணைந்தது.

"அப்ப அவரு இல்லியா?"

"எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல அவன் தோள புடிச்சிக்காம இருந்திருந்தா, உங்கண்ணன் தோள புடிச்சப்ப நான் அவரை இட்டுகினு ஓடியிருக்க மாட்டேன். அதுதான் எனக்குத் தெரியும்."

பிறகு அனிதா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஆம்புலன்ஸ்லேருந்து என்கிட்டதான் பேசினாரு. டாக்டரம்மா படுக்கச் சொன்னாங்க, அக்கா பயப்படுதுன்னு வந்துட்டேன்னாரு. நல்ல வேல செஞ்சீங்க, அண்ணிய தனியா உடாதீங்கன்னு நான் சொன்னேன். நானும் அதையேதான் சொன்னேன் அண்ணி. உங்க முகத்தைப் பாத்தா அது ஞாபகம் வரும்னுதான் வரல."

இத்தனை நாள் அந்த மௌனம் தன்மேல் இருக்கும் கோபம் என்று பங்காரு நினைத்திருந்தாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள், தனக்கே சொல்லிக்கொள்ள முடியாததை இவளுக்கு எப்படிச் சொல்வது என்று நிறுத்திக்கொண்டாள். அடுப்படிக்குப் போய் மோர் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். அனிதா குடித்தாள். பரந்தாமன் அறைவாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றான். அனிதா அன்று சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன்பே கிளம்பினாள். அதன்பிறகு கிருத்திகைக்குக் கிருத்திகை வருகிறாள். மலையேறிச் சாமி பார்த்துவிட்டு, இங்கே வந்து கொஞ்ச நேரம் இருப்பாள். அவனைப் பற்றிப் பேசுவார்கள் என்றும் இல்லை, பேசமாட்டார்கள் என்றும் இல்லை.

பரந்தாமன் இப்போது மூட்டை தூக்குவதில்லை. கடையில் தராசுப் பக்கம் உட்காருகிறான். பங்காருவுக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், கைவேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விடுவாள். ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவரை அவள் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க ஆளிருக்கிறது. கூட வந்தவர்களின் சட்டையில் மண் இருக்கிறதா, யாராவது ஓரமாக நின்று வேர்க்கிறார்களா என்று பார்ப்பாள். "நீயும் வண்டியில இருந்தியாப்பா? நீயும் போயி படுத்துக் காட்டு" என்பாள். "யாரும்மா நீ?" என்று எரிந்து விழுகிறவர்களே அதிகம். பைத்தியம் என்று காதுபடச் சொன்னவர்களும் உண்டு. வாட்ச்மேன் வீரபத்திரன் முதலில் விரட்டிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

போன ஆடி மாதம், அண்ணனைத் தூக்கி வந்த ஒரு காலேஜ் பெண் அவள் சொன்னதைக் கேட்டு உள்ளே போனாள். பங்காரு வெயிலில் நின்றிருந்தாள். அந்தப் பெண் வயிற்றில் ஈரம் ஒட்டிய சுடிதாரோடு வெளியே வந்து, "ஒண்ணும் இல்லையாம் ஆன்ட்டி. படம் பாத்துட்டாங்க" என்றாள்.

"பாத்தாங்களா? நல்லா பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

பங்காரு அவள் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, பாதியில் விட்டு வந்த பாத்திரங்களைக் கழுவ மண்டபத்துக்குத் திரும்பி நடந்தாள்.